தரம் ஒரு வழக்கு, சான்று ஒரு வழக்கு

ஒரு பாட்டு நல்ல பாட்டுதானா என்று தீர்ப்பதற்கு எதைப் பார்க்க வேண்டும் என்னும் கேள்விக்குத் தமிழ்க் கல்வியுலகம் நெடுங்காலமாக இரண்டு விடைகளை வைத்திருக்கிறது. சீரும் தளையும் பிழையாமல், எதுகையும் மோனையும் உரிய இடத்தில் நின்று, அந்த நூல் வகைக்குரிய உறுப்புகள் குறைவின்றி அமைந்திருந்தால் அது நல்ல பாட்டு என்பது ஒரு விடை. கேட்பவர் நெஞ்சில் அந்தப் பாட்டு என்ன செய்கிறது என்பதே அளவுகோல், மற்றவை எல்லாம் அதற்குப் பணி செய்ய வந்தவை என்பது இன்னொரு விடை. இரண்டாவது விடையை இருபதாம் நூற்றாண்டில் மிகுந்த துணிவோடும் இனிமையோடும் சொன்னவர், ரசிகமணி என்று தமிழ்நாடு அழைத்த டி. கே. சிதம்பரநாத முதலியார் (டி.கே.சி., 1882–1954). அவர் அதைச் சொன்ன இடம் திருநெல்வேலி. அவர் சொன்னதில் ஒரு பெரிய உண்மை இருந்தது. அந்த உண்மையை அது செல்லாத இடத்துக்கும் இழுத்துச் சென்றதால் ஒரு பிழையும் நேர்ந்தது. உண்மையை ஏற்றுப் பிழையை விலக்குவது எப்படி என்பதை ஆராய்வதே இந்தப் பதிவின் நோக்கம்.

இந்த ஆராய்ச்சி பழங்கதை பேசுவதற்காக அன்று. பள்ளிக்கூடத்தில் ஒரு செய்யுள் பாடமாக வந்தால் இன்றும் முதலில் கேட்கப்படுவது அதன் பா வகையும் அதில் பயின்றுவரும் அணியும் அருஞ்சொற்பொருளும்தான். அந்தச் செய்யுள் நன்றாக இருக்கிறதா, எங்கே நன்றாக இருக்கிறது என்று கேட்கும் வினா தேர்வுத்தாளில் அரிது. பதில் சரியா தவறா என்று மதிப்பெண் போடத்தக்கவை மட்டுமே கேட்கப்படும்போது, மதிப்பெண் போட முடியாத தரம் என்னும் பொருள் கவனிப்பாரின்றிப் போய்விடுகிறது.

ஆற்றங்கரையின் பழைய தீர்ப்பு

தாமிரபரணிச் சீமைக்கு இந்த வழக்கு புதியதன்று. ஆற்றின் தென்கரையில் உள்ள ஆழ்வார்திருநகரி, பழம்பெயர் திருக்குருகூர், நம்மாழ்வார் அவதரித்த தலம். நம்மாழ்வாரின் புகழை அவர் சீடர் மதுரகவியாழ்வார் ஊரறியப் பாடிவந்தபோது, சங்கத்தில் அரங்கேறாத ஒருவரை இப்படியெல்லாம் போற்றலாமா என்று மதுரைப் புலவர்கள் தடை சொன்னார்கள் என்றும், திருவாய்மொழிப் பாசுரம் ஒன்றை எழுதிய ஓலையைச் சங்கப் பலகையில் வைத்தபோது பலகை புலவர்களைத் தள்ளிவிட்டு ஓலையை மட்டும் தாங்கி நின்றது என்றும் வைணவ மரபில் ஒரு கதை வழங்குகிறது. சங்கப் பலகை என்பது, தகுதி உடையவருக்கு மட்டும் இடம் தரும் தெய்வப் பலகை என்று கதைகளில் சொல்லப்படுவது. வரலாறாக இதை எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. அரங்கேற்றம் ஆயிற்றா, அவையின் ஒப்புதல் உண்டா என்று கேட்ட புலவர்களுக்குப் பாட்டையே சாட்சியாக நிறுத்திப் பதில் சொல்லலாம் என்ற எண்ணம், இந்தப் பள்ளத்தாக்கின் நினைவில் பல நூற்றாண்டுகளாக இருந்துவந்திருக்கிறது என்பதே கதையிலிருந்து கொள்ளத்தக்கது.

அதே ஊர் இலக்கணத்தையும் வெறுத்ததில்லை. பதினாறாம் நூற்றாண்டில் அங்கே வாழ்ந்த திருக்குருகைப்பெருமாள் கவிராயர் மாறனலங்காரம் என்னும் அணியிலக்கண நூலை இயற்றினார். அணியிலக்கணம் என்பது உவமை, உருவகம் முதலாகப் பாட்டுக்கு அழகு செய்யும் முறைகளை வகைப்படுத்தி விளக்கும் இலக்கணம். மாறன் என்பது நம்மாழ்வாரின் பெயர். பாட்டு முன்னே வந்து மனங்களை வென்றது. அது எப்படி வென்றது என்று சொல்ல இலக்கணம் பின்னே வந்தது. இந்த வரிசை சரியாக இருக்கும்வரை இரண்டுக்கும் பகையில்லை. பின்னே வந்தது முன்னே போய் நின்றுகொண்டு, தன் பட்டியலில் அடங்கினால்தான் பாட்டு என்று சொல்லத் தொடங்கும்போதுதான் வழக்கு உண்டாகிறது.

வண்ணார்பேட்டை முற்றம்

திருநெல்வேலி நகரத்துக்கும் பாளையங்கோட்டைக்கும் இடையில், சுலோசன முதலியார் பாலத்தை அடுத்த வண்ணார்பேட்டையில் டி.கே.சி.யின் வீடு இருந்தது. தொட்டி என்பது தொட்டிக்கட்டு வீடுகளின் நடுவே வானம் பார்த்துத் திறந்திருக்கும் முற்றம். அந்த வீட்டின் தொட்டி வட்டமாக அமைந்திருந்ததால், 1920களில் அங்கே கூடிய இலக்கிய அன்பர் குழுவுக்கு வட்டத்தொட்டி என்ற பெயரே நிலைத்துவிட்டது. டி.கே.சி. சட்டம் படித்தவர், சென்னைச் சட்டசபையில் உறுப்பினராகவும் பின்னர் அறநிலைய வாரிய ஆணையராகவும் இருந்தவர், பிற்காலத்தில் குற்றாலத்தில் தங்கி, வருவோரை எல்லாம் விருந்தாலும் கவிதையாலும் உபசரித்தவர். ராஜாஜி, கல்கி, பின்னாளில் நீதிபதியாக விளங்கிய எஸ். மகராஜன், கோயில்களைப் பற்றி எழுதிப் புகழ்பெற்ற தொ. மு. பாஸ்கரத் தொண்டைமான், இடைசெவலிலிருந்து வந்த கி. ராஜநாராயணன் என்று அவரிடம் ஈடுபாடு கொண்டவர்களின் வரிசை நீண்டது.

வட்டத்தொட்டியில் நடந்தது பாடம் சொல்லுதல் அன்று. ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, ஒரு சொல்லையே மூன்று நான்கு முறை திருப்பிச் சொல்லி, கேட்பவர் மனத்தில் அந்தக் காட்சி முழுவதும் எழும்வரை அடுத்த அடிக்குப் போகாமல் காத்திருப்பது டி.கே.சி.யின் முறை. பாவம், உருவம் என்னும் இரண்டு சொற்கள் அவர் பேச்சிலும் எழுத்திலும் அடிக்கடி வரும். பாவம் என்று அவர் சொன்னது பாட்டுக்குள் இருக்கும் உணர்ச்சியை. உருவம் என்று சொன்னது அந்த உணர்ச்சி தனக்கென்று எடுத்துக்கொள்ளும் ஓசை வடிவத்தை. உணர்ச்சிக்கு ஏற்ற ஓசை அமையாத செய்யுள், யாப்பில் எத்தனை சுத்தமாக இருந்தாலும் அவருக்குக் கவி ஆகாது. இந்த அளவுகோலைக் கையில் வைத்திருந்ததால்தான், புலமை உலகம் எளிமை என்று சொல்லித் தள்ளக்கூடியவற்றையும் அவரால் மனமாரப் போற்ற முடிந்தது. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் எளிய பாடல்களை ஊர் ஊராகப் பேசிப் பரப்பியதும் அந்த அளவுகோலின் பயனே.

தேய்ந்த குடுமி

அந்த அளவுகோல் எப்படி வேலை செய்கிறது என்பதை அவர் மிகவும் விரும்பி விளக்கம் எழுதிய முத்தொள்ளாயிரத்தில் காணலாம். சேர சோழ பாண்டியர் மூவரையும் பாடும் இந்தப் பழைய வெண்பா நூலில் ஒரு சிறு காட்சி வருகிறது. அரசன் வீதியில் உலா வருகிறான். அவனைக் கண்டால் மகளின் மனம் தன் வசத்தில் இராது என்று அஞ்சித் தாய் கதவை அடைக்கிறாள், மகள் திறக்கிறாள், தாய் மீண்டும் அடைக்கிறாள். இப்படியே அடைத்தும் திறந்தும் அந்த ஊர்க் கதவுகளின் குடுமிகள் தேய்ந்துபோயின என்கிறது பாட்டு. குடுமி என்பது கீல் இல்லாத பழைய மரக்கதவின் மேலும் கீழும் முளைபோல நீண்டு, நிலையிலுள்ள குழியில் பொருந்திச் சுழலும் பகுதி.

இந்தப் பாட்டைப் பற்றி இலக்கணம் சொல்லக்கூடியவை உண்டு. இது வெண்பா, திணையால் கைக்கிளை, அதாவது ஒருபக்கக் காதலைச் சொல்வது, அடைத்தல், திறத்தல் என்னும் முரணான தொழில்கள் அடுத்தடுத்து வருகின்றன. இவை அனைத்தும் உண்மை. இவற்றுள் எதுவும் பாட்டின் உயிரைத் தொடவில்லை. ஒரு நாளில் மரம் தேயாது. குடுமி தேய்ந்தது என்றால் எத்தனை உலா, எத்தனை மாதம், எத்தனை பெண்கள், எத்தனை தாய்மார்! மகளின் ஏக்கத்தையும் தாயின் அச்சத்தையும் பற்றி ஒரு சொல்லும் நேரே சொல்லாமல், தச்சன் இழைத்த மரத்துண்டின் தேய்மானத்தைச் சொல்லி இரண்டையும் காட்டிவிட்ட திறமை, தளை பார்க்கும் கண்ணுக்குத் தெரியாது. அந்தக் குடுமியின் முன்னால் வாசகனை நிறுத்தி வைப்பதுதான் டி.கே.சி. செய்த தொண்டு.

யாப்பு மட்டும் போதாது என்பதற்கு வெண்பாவே சான்று. வெண்பாவின் விதிகள் தமிழ் யாப்பில் மிகக் கண்டிப்பானவை: மாச்சீரின் பின் நிரையும், விளச்சீரின் பின் நேரும், காய்ச்சீரின் பின் நேரும் வரவேண்டும், கடைசி அடி மூன்று சீர்களோடு நின்று, நாள், மலர், காசு, பிறப்பு என்னும் நான்கு வாய்பாடுகளுள் ஒன்றில் முடியவேண்டும். நேர், நிரை என்பவை எழுத்துகள் சேர்ந்து உண்டாகும் அசைகள். மா, விளம், காய் என்பவை அசைகள் சேர்ந்து உண்டாகும் சீர்களின் வகைகள். ஒரு சீர் அடுத்த சீரோடு இப்படிப் பொருந்தி நிற்பதே தளை. வாய்பாடு என்பது அந்த வகைகளை நினைவில் வைக்க உதவும் மாதிரிச் சொல். இத்தனை துல்லியமான விதிகள் இருப்பதால்தான் ஒரு வெண்பாவில் தளை தட்டுகிறதா என்று இன்று கணினியே சொல்லிவிடுகிறது. பொருளே இல்லாத சொற்களை அடுக்கினாலும் விதி தவறவில்லை என்றால் கணினி அதற்குத் தேர்ச்சி கொடுத்துவிடும். விதியைக் காப்பது பாட்டுக்கு ஒரு தகுதி. அதுவே தரம் ஆகிவிடாது என்பதற்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

நீக்கப்பட்ட பாடல்கள்

இதுவரை டி.கே.சி.யின் பக்கமே நியாயம். அவர் கம்பராமாயணத்துக்கு வந்தபோதுதான் வழக்கு சிக்கலாகிறது. கம்பனைக் கல்வியரங்கிலிருந்து பொதுமக்களிடம் கொண்டுவந்து சேர்த்தவர்களில் அவருக்குத் தனி இடம் உண்டு. கல்கி இதழில் வெளிவந்த கம்பர் தரும் காட்சி என்னும் கட்டுரைகள், தமிழ்ப் பண்டிதர் அல்லாத ஆயிரக்கணக்கான வாசகர்களைக் கம்பனிடம் அழைத்துச் சென்றன. ஆனால் கம்பராமாயணம் என்று வழங்கும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களில் பெரும்பகுதி கம்பன் பாடியவை அல்ல என்ற முடிவுக்கு அவர் வந்தார். சுவை குன்றியவை, காட்சியின் ஓட்டத்தைத் தடுப்பவை என்று தமக்குத் தோன்றிய பாடல்களை இடைச்செருகல் என்று விலக்கினார். தாம் ஏற்றுக்கொண்ட பாடல்களிலும் சில இடங்களில் சொற்களை மாற்றி, கம்பன் வாக்கு இப்படித்தான் இருந்திருக்க வேண்டும் என்றார். இடைச்செருகல் என்பது ஒருவர் நூலுக்குள் பிற்காலத்தார் பாடி நுழைத்த பகுதி.

இடைச்செருகல் உண்டு என்பதில் ஐயமில்லை. கம்பராமாயணத்தில் பிறர் பாடிச் சேர்த்தவற்றைக் குறிக்க வெள்ளிபாட்டு என்று ஒரு சொல்லே புலவர்களிடையே வழங்கிவந்தது. ஏடெழுதுவோர் கையில் சொற்கள் சிதைந்தன என்பதும் உண்மைதான். ஓலையில் புள்ளி வைத்தால் கிழியக்கூடும் என்பதால் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடாமலே எழுதினார்கள். எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் இன்று இருக்கும் வேறுபாடு அன்றைய எழுத்தில் இல்லை. கால் என்னும் துணையெழுத்தும் ரகரமும் ஒன்றுபோலவே இருந்தன. அதனால் ஓலையில் கொடி என்பதும் கோடி என்பதும், எரி என்பதும் ஏரி என்பதும் கண்ணுக்கு ஒன்றே. படித்தவர் பொருளறிந்து படித்தால் தப்பிக்கும். பொருளறியாமல் படியெடுத்தால் ஒரு தலைமுறையின் தவறு அடுத்த தலைமுறைக்குப் பாடமாகிவிடும். இப்படி ஒரே இடத்துக்கு ஏடுதோறும் வேறுபட்டுக் கிடைக்கும் சொற்களையே பாடபேதம் என்பார்கள்.

இந்தச் சிக்கலைத் தீர்க்க ஒரு முறை உண்டு. கிடைக்கும் ஏடுகளை எல்லாம் திரட்டி, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எது பழையது, எதிலிருந்து எது படியெடுக்கப்பட்டது என்று கணித்து, ஒரு பாடல் எத்தனை ஏடுகளில் உள்ளது, எவற்றில் இல்லை என்று பார்த்து முடிவு செய்வது அந்த முறை. அதில் தமிழுலகம் கண்ட பெரிய அறிஞர்களுள் ஒருவரான எஸ். வையாபுரிப் பிள்ளையும் (1891–1956) திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவர். அவரும் சட்டம் படித்துத் திருவனந்தபுரத்திலும் திருநெல்வேலியிலும் வக்கீலாக இருந்தவர். 1926இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதிப் பதிப்பாசிரியராகப் பொறுப்பேற்றுப் பத்து ஆண்டுகளில் அந்தப் பெரும்பணியை முடித்தார். ஏட்டுச் சான்று இல்லாமல் ஒரு முடிவையும் சொல்லக்கூடாது என்பது அவர் வாழ்க்கை முழுவதும் கடைப்பிடித்த நெறி.

சுவையை வைத்துப் பாடத்தைத் திருத்துவதன் ஆபத்தை உலக இலக்கியமும் கண்டிருக்கிறது. இங்கிலாந்தின் தலைசிறந்த செவ்வியல் அறிஞரான ரிச்சர்ட் பென்ட்லி, மில்டனின் 'இழந்த சொர்க்கம்' காவியத்தை 1732இல் பதிப்பித்தார். மில்டன் கண்பார்வை இழந்தவர். ஆகவே அவர் சொல்லச் சொல்ல எழுதியவரும் அச்சுக்குக் கொடுத்தவரும் சொந்தச் சரக்கைச் சேர்த்துவிட்டார்கள் என்று பென்ட்லி கருதி, தமக்கு ஒவ்வாத அடிகளை அடைப்புக்குறிக்குள் போட்டு, பல இடங்களுக்குத் தாமே திருத்தம் எழுதினார். அவர் குறைகண்ட இடங்களில் பல, பிற்கால வாசகர்கள் மில்டனின் துணிச்சலைக் கண்டு வியந்த இடங்கள். பென்ட்லியின் புலமையை எவரும் ஐயுறவில்லை. தம் காலத்துச் சுவையை மில்டனின் சுவை என்று அவர் எண்ணிக்கொண்டதே பிழை.

உயிலும் பாட்டும்

டி.கே.சி.யும் வையாபுரிப் பிள்ளையும் சட்டம் படித்தவர்கள் என்பதால், இந்த வேறுபாட்டை ஓர் உயிலைக்கொண்டு விளக்கலாம். ஒரு பெரியவர் இறந்தபின் இரண்டு உயில்கள் வெளிவருகின்றன. ஒன்று எல்லாப் பிள்ளைகளுக்கும் நியாயமாகப் பங்கு தருகிறது. மற்றொன்று ஒருவனுக்கே வாரிக் கொடுக்கிறது. எது நல்ல உயில் என்று கேட்டால் ஊரே முதலாவதைச் சொல்லும். எது அந்தப் பெரியவர் எழுதிய உயில் என்று கேட்டால், கையெழுத்தையும் சாட்சிகளையும் பார்க்காமல் ஒருவரும் விடை சொல்ல முடியாது. நியாயமான உயில் போலியாக இருக்கலாம். அநியாயமான உயில் மெய்யாக இருக்கலாம். தரத்தைப் பற்றிய கேள்விக்கு உயிலின் உள்ளடக்கமே சான்று. உரிமையைப் பற்றிய கேள்விக்கு உள்ளடக்கம் சான்றே ஆகாது.

கம்பன் விஷயத்தில் நடந்தது இந்த இரண்டு வழக்குகளும் ஒரே வழக்காக விசாரிக்கப்பட்டதுதான். இந்தப் பாடல் நன்றாக இல்லை என்று டி.கே.சி. சொன்னபோது, அதைச் சொல்ல அவரைவிடத் தகுதி உடையவர் அரிது. ஆகவே இது கம்பனுடையது அன்று என்று அடுத்த அடி வைத்தபோது, அவர் காலின் கீழ் தரை இல்லை. பத்தாயிரம் பாடல் பாடிய ஒருவன் எல்லாவற்றையும் உச்சியிலேயே பாடியிருக்க வேண்டும் என்பதற்கு ஆதாரம் ஏது? கதை நகர வேண்டிய இடத்தில் சாதாரணமாக நகரவும், அவன் காலத்து அவை விரும்பிய அலங்காரத்தில் சற்றே மிகையாகத் திளைக்கவும் கம்பனுக்கு உரிமை உண்டு. நேர்மாறாக, கம்பனில் மனம் தோய்ந்த நல்ல புலவன் ஒருவன் கம்பனுக்கு நிகரான பாடல் ஒன்றைப் பாடிச் செருகியிருக்கவும் கூடும். சுவை என்னும் சல்லடை அதைப் பிடிக்காது.

இன்னொரு வேறுபாடும் கவனிக்கத்தக்கது. பிற்காலத்தில் ஏடுகளை ஒப்பிட்டு வந்த பதிப்புகள், 1950களில் மர்ரே எஸ். ராஜம் வெளியிட்ட பதிப்பு முதலாக, ஐயத்துக்கு இடமான பாடல்களை மிகைப்பாடல்கள் என்று பெயரிட்டுத் தனியே வைத்தன. மிகைப்பாடல் என்பது மூலத்தைச் சேர்ந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாத பாடல். பதிப்பாசிரியர் தவறியிருந்தால் அடுத்த தலைமுறை அந்தப் பாடலை எடுத்து மீண்டும் உரிய இடத்தில் வைத்துவிடலாம். நீக்கிவிட்ட பதிப்பு மட்டுமே வாசகன் கையில் இருந்தால் அந்த மேல்முறையீட்டுக்கு வழியில்லை. தொழில்நுட்பம், நடைமுறை, சம்பிரதாயம் என்று சலிப்போடு சொல்லப்படும் இந்த ஏற்பாடுகள், மிகச் சிறந்த ரசிகனின் விருப்பத்திலிருந்தும் பாட்டைக் காப்பாற்றுவதற்கென்றே ஏற்பட்டவை.

ஏட்டாராய்ச்சியை உயிரற்ற வேலை என்று ஒதுக்குபவர்கள் இந்தப் பள்ளத்தாக்கில் நடந்த ஒன்றை மறக்கக்கூடாது. பத்துப்பாட்டைப் பதிப்பிக்க நல்ல பிரதி தேடி உ. வே. சாமிநாதையர் திருநெல்வேலிப் பக்கம் வந்து, கவிராயர்களின் வீடு வீடாக ஏறி இறங்கி, கடைசியில் ஆழ்வார்திருநகரியில் லட்சுமண கவிராயர் வழியாகத்தான் தாம் தேடிய ஏட்டைப் பெற்றார். பத்துப்பாட்டு 1889இல் அச்சேறியது. டி.கே.சி. கொண்டாடிய முத்தொள்ளாயிரமும் அப்படியே வந்தது. அந்த நூல் முழுமையாகக் கிடைக்கவில்லை. நூற்றுக்குச் சற்று மேற்பட்ட பாடல்களே எஞ்சின. அவற்றில் பெரும்பாலானவை புறத்திரட்டு என்னும் பழைய தொகைநூலில் தங்கியிருந்தவை. அந்தப் புறத்திரட்டை ஏடுகளோடு ஒப்பிட்டு 1930களின் இறுதியில் செம்மையாகப் பதிப்பித்தவர் வையாபுரிப் பிள்ளை. தேய்ந்த குடுமியை வாசகனுக்குக் காட்ட ஒரு ரசிகர் வேண்டியிருந்தது. அந்தக் குடுமியைச் செல்லரிக்காமல் காக்கவும் அடையாளம் சொல்லவும் ஒரு பதிப்பாசிரியர் வேண்டியிருந்தது. இருவரும் ஒரே மண்ணைச் சேர்ந்தவர்கள் என்பது திருநெல்வேலிக்குப் பெருமை.

காலம் என்னும் இன்னொரு முத்திரை

தரத்தையும் சான்றையும் கலப்பது ரசிகர்கள் மட்டும் செய்த தவறன்று. திருக்குறள் ஏறக்குறைய கி.பி. 600 அளவில் தோன்றியது என்று வையாபுரிப் பிள்ளை கருதியதும், வேறு பல நூல்களுக்கும் அவர் பிற்பட்ட காலத்தைக் குறித்ததும் தமிழ்ப் பற்றாளர்களைக் கடுமையாகப் புண்படுத்தின. அவர் கணிப்பைச் சொற்களின் வரலாற்றைக்கொண்டும் கல்வெட்டைக்கொண்டும் மறுப்பதற்கு முழு இடம் உண்டு. அவர் காலத்துக்குப் பின் கிடைத்த அகழாய்வுச் சான்றுகள் தமிழ் எழுத்தின் பழமையைப் பற்றிய பார்வையையே மாற்றியிருக்கின்றன. ஆனால் எழுந்த கோபத்தில் பெரும்பகுதி அப்படிச் சான்றைக்கொண்டு மறுக்கும் வகையைச் சேர்ந்ததன்று. காலம் பின்னே போனால் நூலின் மதிப்பும் குறைந்துவிடும் என்ற அச்சமே அந்தக் கோபத்தின் வேர்.

அந்த அச்சத்துக்கு அடிப்படை இல்லை. குறள் கி.மு. முதல் நூற்றாண்டில் எழுதப்பட்டிருந்தாலும் கி.பி. ஆறாம் நூற்றாண்டில் எழுதப்பட்டிருந்தாலும், ஒன்றே முக்கால் அடியில் அது சொல்லும் உண்மை ஒரு மாற்றுக்கூடக் குறையாது. பழமையும் அரங்கேற்றம் போல, பட்டம் போல, பாட்டுக்கு வெளியே இருந்து குத்தப்படும் முத்திரைதான். தரத்தைத் தரத்துக்காகவே மதிக்கும் மனம் இருந்தால், கால ஆராய்ச்சியாளன் எந்த முடிவைச் சொன்னாலும் பதறாமல் கேட்கலாம். அவன் சான்று போதாது என்றால் நிதானமாக மறுக்கலாம்.

காதைப் பழக்குதல்

தரமே அளவுகோல் என்றால், ஆளுக்கு ஆள் மாறும் விருப்பம்தானே தரம் ஆகிவிடும் என்று ஒரு தடை எழலாம். தடை நியாயமானது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ், கவிஞர் பெயரையும் காலத்தையும் மறைத்துச் சில கவிதைகளை மாணவர்களிடம் கொடுத்து அவர்கள் கருத்தை எழுதச் சொன்னார். 1929இல் அவர் வெளியிட்ட நூலில் அந்த விடைகள் உள்ளன. பெயர் என்னும் ஊன்றுகோல் இல்லாதபோது, நன்றாகப் படித்த மாணவர்களே புகழ்பெற்ற கவிதைகளைத் தள்ளியும் சாதாரணமானவற்றைப் போற்றியும் எழுதியிருந்தார்கள். முத்திரைகளை அகற்றிவிட்டால் தரம் தானாகவே கண்ணில் பட்டுவிடும் என்று நினைப்பதற்கு இடமில்லை என்பதை இந்தச் சோதனை காட்டியது.

அதற்கு மருந்தும் வட்டத்தொட்டியிலேயே இருந்தது. ஒரே பாட்டைப் பலர் கூடியிருக்க வாய்விட்டுச் சொல்வது, ஓசை மாறும் இடத்தில் பொருள் என்ன ஆகிறது என்று கவனிப்பது, நன்றாக இருக்கிறது என்று சொன்னால் எந்தச் சொல்லில் என்று காட்டுவது, இன்னொருவர் மறுத்தால் மீண்டும் பாட்டுக்கே திரும்புவது என்னும் பயிற்சி அது. அங்கே யாப்பறிவும் வீண்போவதில்லை. ஓசை ஏன் அங்கே தடுமாறுகிறது என்று கேட்டால் அதற்குப் பெயர் சொல்லத் தளை தெரிந்திருக்க வேண்டும். வகுப்பறையிலும் இது முடியாத காரியம் அன்று. பா வகையைக் கேட்பதற்கு முன் பாட்டை நான்கு முறை உரக்கச் சொல்ல வைத்து, எந்தச் சொல்லை எடுத்துவிட்டால் பாட்டு விழுந்துவிடும் என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். இலக்கணம் அந்தக் கேள்வியின் பின்னால் தானே வந்து நிற்கும்.

பெயரில்லாப் பள்ளு

குற்றாலத்து நீரைக் கொண்டுவரும் சிற்றாறு, சீவலப்பேரி அருகே தாமிரபரணியோடு கலக்கிறது. அந்தக் கூடல்தான் முக்கூடற்பள்ளு பாடும் முக்கூடல். பள்ளு என்பது உழவர் வாழ்க்கையைப் பாடும் சிற்றிலக்கிய வகை. மழை வரப்போகும் அறிகுறிகளும், ஆற்றில் வெள்ளம் புரண்டு வரும் வேகமும், நெல் வகைகளும் மாட்டு வகைகளும், முக்கூடலைச் சேர்ந்த மூத்த பள்ளிக்கும் மருதூரைச் சேர்ந்த இளைய பள்ளிக்கும் நடக்கும் ஏசலும் அதில் உயிரோடு இருக்கின்றன. பாடியவர் பெயர் உறுதியாகத் தெரியவில்லை. பெயர் தெரியாததால் அந்த மழை ஒரு துளியும் குறைந்து பெய்யவில்லை. பள்ளு நூல்களில் அதற்கு முதலிடம் கொடுக்கத் தமிழர் தயங்கவும் இல்லை.

கம்பராமாயண வழக்கைத் தீர்க்க இந்தப் பள்ளு வழிகாட்டுகிறது. பாட்டின் பெருமை பாட்டிலேயே இருக்கிறது என்பது டி.கே.சி. வாழ்நாள் முழுவதும் நிலைநாட்டிய கொள்கை. அந்தக் கொள்கையை இறுதிவரை நடத்திச் சென்றால், நல்ல பாடல் எல்லாம் கம்பனுடையதாகவே இருக்க வேண்டும் என்ற தேவை இல்லை; குறையுள்ள பாடல் கம்பனுடையதாக இருந்துவிடக்கூடாது என்ற தேவையும் இல்லை. கம்பன் என்னும் பெயருக்கு ஒரு மாசும் வரக்கூடாது என்று கருதிச் சுவை குன்றிய பாடல்களை நீக்கியபோது, பெயர் என்னும் புறத் தகுதிக்கே அவர் பாட்டைவிட மேலான இடத்தைக் கொடுத்துவிட்டார். எந்த மதிப்பீட்டை எதிர்த்து வட்டத்தொட்டியைக் கூட்டினாரோ, அதன் ஒரு சாயல் கம்பன்மேல் அவர் கொண்ட அளவற்ற அன்பின் வழியாக அவரிடமே வந்து சேர்ந்தது.

ஆகவே கம்பராமாயணத்தைத் திறக்கும் வாசகன் செய்யத்தக்கது இதுதான்: பாட்டை முதலில் டி.கே.சி. சொன்னபடி வாய்விட்டுச் சொல்லி, நன்றா என்று தன் நெஞ்சைக் கேட்டு, அந்தத் தீர்ப்பை எந்த அதிகாரத்துக்கும் அஞ்சாமல் வைத்துக்கொள்ளலாம். யாருடையது என்ற கேள்விக்கு வையாபுரிப் பிள்ளை சொன்னபடி ஏட்டைக் கேட்டு, அந்த விடை தன் விருப்பத்துக்கு மாறாக இருந்தாலும் ஏற்றுக்கொள்ளலாம். மிகைப்பாடல் வரிசையில் ஓர் அருமையான பாடல் கண்ணில் பட்டால், கம்பனுடையது அன்று என்று ஒதுக்காமல், பெயர் தெரியாத அந்தப் புலவனுக்குரிய பாராட்டை முழுமையாகக் கொடுத்துவிட வேண்டும். தரத்தைத் தரத்துக்காகவே மதிப்பவனால்தான் அந்தப் பாராட்டைக் குறைவில்லாமல் கொடுக்க முடியும்.